அறை மாறிய நாள்

ஒரே கப்பல். அடுத்தடுத்து இரண்டு பயணங்கள். முதல் ஏழு இரவுக்கு ஓர் அறை, அடுத்த ஏழு இரவுக்கு வேறோர் அறை. இரண்டும் ஒரே தளத்தில். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கக்கூடும். 2024 ஜூன் மாதம் அறை மாறிய அந்தச் சனிக்கிழமை வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்களுக்குத் திருமணமாகி 45 வருடம் நிறைவதையொட்டி மகள் செய்த ஏற்பாடு அது. அவள் பேர்மிங்ஹாமில் இருக்கிறாள். நானும் மனைவியும் லண்டன் வெம்பிளியில், 34 வருடமாக ஒரே வீட்டில். சவுத்ஹாம்டன் துறைமுகத்திலிருந்து சனிக்கிழமை புறப்பட்டு, நோர்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு நுழையும் ஃபியோர்டுகளைப் பார்த்துவிட்டு மறு சனிக்கிழமை திரும்பும் பயணம் ஒன்று. அதே கப்பல் அன்று மாலையே புதிய பயணிகளை ஏற்றிக்கொண்டு ஸ்பெய்னுக்கும் போர்த்துக்கலுக்கும் போகும்.

"ரெண்டையும் சேத்து எடுத்தா 14 நாள் வாப்பா. நடுவில நீங்க இறங்கவும் தேவையில்ல" என்றாள் மகள்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் தொலைபேசி எடுத்தாள். ஒரு சின்னச் சிக்கல். முதல் பயணத்துக்குக் கிடைத்த அறை இரண்டாவது பயணத்துக்கு வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டது. இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் அறை வேண்டுமென்றால் மேல் தளத்தில் பல்கனியோடு எடுக்க வேண்டும். 600 பவுண் கூட.

"அந்தச் சனிக்கிழமை காலைல அறைய மாத்தினாச் சரி. சாமானையெல்லாம் அவங்களே தூக்கித் தருவாங்களாம்."

"அதுக்கென்ன மகள், மாறிக்கொள்ளுவோம்" என்றேன். 600 பவுணை மிச்சம் பிடித்துக் கொடுத்த திருப்தியும் எனக்கு இருந்தது.

மகளுக்கு ஒரு விடயம் தெரியாது. அதற்கு முந்திய நவம்பர் மாதம் நானும் மனைவியும் ஞாபகமறதிச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்குப் போய் வந்திருந்தோம். சோதனைகள் எல்லாம் முடிந்தபின் வைத்தியர் அல்ஸைமர் நோயின் ஆரம்ப நிலை என்று சொன்னார். மகளிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் கூறிக்கொண்டேன். பயணக் காப்புறுதிக்கு நோய் விபரம் கட்டாயம் சொல்லியாக வேண்டும். ஆகவே "காப்புறுதிய நான் பார்க்கிறன் மகள்" என்று அந்த வேலையை மட்டும் என் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு மனிதன் எவ்வளவு கவனமாகத் தன் பிள்ளையை ஏமாற்ற முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

வெம்பிளி வீட்டில் அந்த நோயை மறைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. காலையில் எழும்பி அவள் சமையலறைக்குப் போவாள். கேத்தல் இருக்கும் இடம், தேயிலை டின் இருக்கும் தட்டு, கரண்டி கிடக்கும் லாச்சி எல்லாம் அவளுடைய கைக்குத் தெரியும். இன்று என்ன கிழமை என்று கேட்டால் தடுமாறுவாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைப்பாள். வந்து போகிறவர்கள் எதையும் கண்டுபிடித்ததில்லை. அவள் நன்றாக இருக்கிறாள் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். அவளுக்கான நினைவு வேலையில் பாதியை அந்த வீடு செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

கப்பலில் முதல் இரண்டு இரவுகளும் அவள் சரியாக உறங்கவில்லை. "எப்ப ஊட்டுக்குப் போறம்?" என்று பலமுறை கேட்டாள். எங்கள் அறை எட்டாம் தளத்தில், இடப்புறத்தில், 8214. எங்கள் கப்பலில் இரட்டை எண்கள் இடப்பக்கம், ஒற்றை எண்கள் வலப்பக்கம். நடுவில் ஒரே மாதிரியான நீண்ட நடைபாதைகள். ஒரே நிறக் கம்பளம், ஒரே நிறக் கதவுகள். நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களும் பக்கம் மாறிப்போய் நின்று விழிப்பதைப் பார்த்தேன். அறைக் கதவுகள் இரும்பாலானவை என்பதால் காந்தம் ஒட்டும். அடிக்கடி கப்பலில் போகிறவர்கள் தங்கள் கதவை அடையாளம் காண ஏதாவதொரு காந்தப் பொம்மையை ஒட்டிக்கொள்வார்கள். பேத்தியும் அதை எங்கேயோ கேள்விப்பட்டு மஞ்சள் நிற வண்ணாத்திப்பூச்சி ஒன்றை வாங்கித் தந்திருந்தாள். அதைக் கதவில் ஒட்டினேன்.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு மாற்றம் தெரிந்தது. லிப்டை விட்டு இறங்கியதும் திமிங்கிலம் வரைந்த பெரிய படம் ஒன்று சுவரில் இருந்தது. அதைக் கடந்து ஏழாவது கதவு எங்களுடையது. அவள் எண்ணைப் பார்ப்பதேயில்லை. படத்தைக் கண்டதும் அந்தப் பக்கம் திரும்பி நடப்பாள். வண்ணாத்திப்பூச்சியைக் கண்டதும் நின்றுவிடுவாள். இரவில் எழும்பினால் கட்டிலிலிருந்து ஐந்து எட்டு, இடது கைப்பக்கம் குளியலறை. விளக்குப் போடாமலே போய் வரப் பழகிவிட்டாள்.

கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் கப்பல் நுழைந்த அன்று காலை நாங்கள் இருவரும் யன்னலருகே இருந்தோம். சுமார் 15 கிலோமீற்றர் நீளமான அந்த நீர்ப்பாதை 2005ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 'ஏழு சகோதரிகள்' என்ற நீர்வீழ்ச்சி பக்கத்தில் வந்தபோது அவள் ஒவ்வொன்றாக விரல் மடித்து எண்ணினாள். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வீட்டில் பொழுதுபடும் நேரத்தில் அவளுக்கு வருகின்ற பதற்றம் அந்த நாட்களில் வரவேயில்லை. கடல் காற்று நல்லது செய்கிறது என்று நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்றும் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை கட்டிலின் மேல் ஒரு கடிதம் இருந்தது. எங்களைப் போல் இறங்காமல் தொடரும் பயணிகளுக்கான அறிவுறுத்தல். காலை ஒன்பது மணிக்கு முன்னர் அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டிகளை மூடி அறைக்குள்ளேயே வைத்துவிடலாம். அலுமாரியில் கொழுவியிருக்கும் உடுப்புகளை மடிக்கத் தேவையில்லை. கொழுவியோடு அப்படியே புதிய அறைக்கு வந்துவிடும். இரும்புப் பெட்டகத்தை நாமே வெறுமையாக்க வேண்டும். கடவுச்சீட்டு, மருந்து, நகை, பணம் ஆகியவை நம் கையில் இருக்க வேண்டும். பழைய அட்டைத் திறப்பு செல்லாது. புதிய அறைக்குப் புதிய அட்டை. புதிய அறை பகல் ஒரு மணியளவில் ஆயத்தமாகும்.

படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னாலும் மறந்துவிடுவாள், ஏன் வீணாகக் குழப்ப வேண்டும் என்று எண்ணினேன். அவள் உறங்கியபின் சத்தமில்லாமல் பெட்டிகளை அடுக்கினேன். காலையில் வெளிக்கிடும்போது கதவிலிருந்த வண்ணாத்திப்பூச்சியைக் கழற்றிப் பெட்டியின் வெளிப்பையில் போட்டேன்.

சனிக்கிழமைக் காலை உல்லாசக் கப்பலைப் பார்க்க வேண்டும். ஒரு வாரமாகக் கல்யாண வீடு போலிருந்த இடம் அன்று சந்தை கலைந்த இடம் போலாகிவிடும். நடைபாதை நெடுக அழுக்குத் துணி மூட்டைகள். ஒவ்வொரு கதவும் திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு கட்டிலும் உரிக்கப்பட்டிருக்கிறது. கீழே ஒரு பக்கம் குப்பை இறங்குகிறது, மறு பக்கம் அரிசியும் மாவும் மரக்கறியும் ஏறுகின்றன. ஆயிரக்கணக்கானோர் காலையில் இறங்கி, ஆயிரக்கணக்கானோர் மதியத்திலிருந்து ஏறுகிறார்கள். பழைய சனத்துக்கும் புதிய சனத்துக்கும் இடையில் பணியாளர்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு மணித்தியாலம்தான்.

எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட பையன் கோவாவைச் சேர்ந்தவன். ஒரு வாரமாக என் மனைவி அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டாள். அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவனும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பான். அன்று கைநிறைய விரிப்புகளோடு ஓடிக்கொண்டிருந்தவன் எங்களைக் கண்டதும் நின்றான். "பெட்டிகளை நானே கொண்டுபோய் வைக்கிறேன், ஐயா. நாங்களும் அறை மாறுகிறவர்கள்தான். கீழ்த்தளத்தில் ஓர் அறைக்கு இரண்டு பேர். என்னோடு இருந்தவன் ஒப்பந்தம் முடிந்து இன்றைக்கு வீட்டுக்குப் போகிறான். இரவுக்கு யார் வருவான் என்று தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான்.

தொடர்ந்து பயணம் செய்கிறவர்கள் சுமார் நாற்பது பேர் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த ஆங்கிலப் பெண்மணி கணவரை இழந்தவர். இரண்டு மாதத்தில் இது தனக்கு நான்காவது அறை என்றார். குறிப்புப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். எந்தச் சாமான் எந்த லாச்சியில் என்று அறைக்கு அறை எழுதி வைத்திருந்தார். "சாமான் தொலைவதில்லை. நான்தான் தொலைந்துவிடுகிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். என் மனைவியும் சிரித்தாள். பிறகு என் காதருகே வந்து, "இஞ்சாருங்க, நாம எப்ப அறைக்குப் போறம்?" என்றாள்.

புதிய அறை 8331. அதே தளம், மறு பக்கம், இன்னும் கொஞ்சம் பின்னால். கதவைத் திறந்ததும் நான் மகிழ்ந்துபோனேன். பழைய அறையின் அதே அளவு, அதே கட்டில், அதே திரைச்சீலை. உடுப்புகள் கொழுவிகளில் வரிசை குலையாமல் தொங்கின. ஆனால் வலப்பக்க அறைகள் இடப்பக்க அறைகளின் கண்ணாடிப் பிம்பம். அங்கே இடப்பக்கம் இருந்தது இங்கே வலப்பக்கம். நான் அதைக் கவனித்தேனா என்று கேட்டால், கவனித்தேன். ஒரு வேடிக்கையாகத்தான் கவனித்தேன்.

அவள் வாசலிலேயே நின்றாள்.

"இது ஆருட அறை?"

"நம்மடதான் புள்ள. மாத்தித் தந்திருக்காங்க."

"நாம என்ன செஞ்ச?"

ஏதோ பிழை செய்ததற்காக அறையைப் பறித்துவிட்டார்கள் என்று அவள் எண்ணியிருக்கிறாள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

மாலையில் மறுபடியும் அவசரகாலப் பயிற்சி. போன வாரம்தானே செய்தோம் என்று தட்டிக்கழிக்க முடியாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கொஸ்டா கொன்கோர்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அதற்குள் பயிற்சி நடந்திருக்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு சர்வதேச விதி இறுக்கப்பட்டது. 2015 முதல் கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே புதிய பயணிகளுக்குப் பயிற்சி நடத்தியாக வேண்டும். எங்களுக்கு இது இரண்டாவது பயணம் என்பதால் நாங்களும் புதியவர்களே. ஆபத்தில் கூட வேண்டிய இடமும் அறையைப் பொறுத்ததுதான். போன வாரம் எங்களுக்கு முன்பக்க அரங்கு. இந்த வாரம் பின்பக்க உணவு மண்டபம். அவள் அரங்கின் பக்கமே நடந்தாள். கையைப் பிடித்து மறு பக்கம் கூட்டிச் சென்றேன். "அங்கால போகத்தானே சொன்னாங்க" என்று முணுமுணுத்தாள். போன வாரம் சொன்னதை அவள் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

இரவு இரண்டு நாற்பதுக்கு அறைத் தொலைபேசி அடித்தது.

"ஐயா, உங்கள் மனைவி உங்களுடன் இருக்கிறாரா?"

கையை நீட்டினேன். பக்கத்துப் படுக்கை குளிர்ந்து கிடந்தது.

நடந்ததைப் பிறகு சேர்த்துப் பார்த்தேன். அவள் எழும்பி ஐந்து எட்டு வைத்திருக்கிறாள். இடது பக்கம் குளியலறை இல்லை, அலுமாரி. நேரே இருந்த கதவைத் திறந்திருக்கிறாள். அது வெளிக்கதவு. அது தானாகப் பூட்டிக்கொள்ளும். இரவு உடுப்போடு, வெறுங்காலோடு, திறப்பு இல்லாமல் நடைபாதையில் நின்றிருக்கிறாள். திரும்பிக் கதவைப் பார்த்தால் அதில் வண்ணாத்திப்பூச்சி இல்லை. அது பெட்டியின் வெளிப்பையில் கிடந்தது. ஆகவே அது தன் கதவல்ல என்று முடிவு செய்து நடக்கத் தொடங்கியிருக்கிறாள். எவ்வளவு நேரம் நடந்தாளோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எப்படியோ லிப்ட் வாசலுக்கு வந்திருக்கிறாள். அங்கே திமிங்கிலப் படம். அதற்குப் பின் அவள் வழி தவறவில்லை. ஏழாவது கதவைத் தட்டியிருக்கிறாள்.

8214இல் அன்று மதியம் வந்திறங்கிய வயதான ஆங்கிலத் தம்பதியர் கதவைத் திறந்தார்கள். அறை எண்ணைக் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. அவர்கள் வரவேற்புப் பகுதிக்கு அறிவித்தார்கள். அங்கே ஒரு பெண் புத்திசாலித்தனமாக, போன வாரம் 8214இல் இருந்தவர்கள் யார் என்று பார்த்திருக்கிறாள்.

நான் சப்பாத்தும் போடாமல் ஓடினேன். கதவு திறந்திருந்தது. கிழவரும் மனைவியும் கட்டில் விளிம்பில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி மேசையருகே நின்றாள். அந்தப் பெண்மணியின் கம்பளிச்சட்டை அவள் தோளில் கிடந்தது. கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்க, நீங்க எங்க போன? நம்மட ஊட்டுக்கு ஆக்கள் வந்திரிக்காங்க. விசுக்கோத்து ஏதும் இரிக்கா பாருங்க."

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார். "உள்ளே வந்து எங்களை வரவேற்றார். இருங்கள், தேநீர் தருகிறேன் என்றார். மறுத்தால் மனம் நோகுமே என்று உட்கார்ந்துவிட்டோம்."

எனக்கு நிற்க முடியவில்லை. நானும் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். அந்த அதிகாலையில் நாங்கள் நான்கு பேரும் அந்த அறையில் தேத்தண்ணி குடித்தோம். அவள் சீனி கேட்டுக் கேட்டுப் போட்டாள். எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குச் செய்வது போலவே எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகத் தனக்கு எடுத்தாள்.

திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கதவுல வண்ணாத்திப்பூச்சியக் காணல்ல. ஆரோ கழட்டிட்டாங்க" என்றாள். கழற்றியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் பிஸ்கே விரிகுடாவில் மெதுவாக ஆடியது. காலையில் அந்தத் தம்பதியர் எங்களைத் தேடி வந்தார்கள். வேண்டுமானால் அறையை மாற்றிக்கொள்வோம் என்றார்கள். வரவேற்புப் பகுதியிலும் முடியும் என்றார்கள். அவசரகாலப் பட்டியலில் பெயர்களை மாற்றினால் சரி. நான் தயங்கிக்கொண்டே மனைவியிடம் கேட்டேன். இரவு நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்து, "இந்த யன்னல் நல்லம்" என்றாள். இன்னுமொரு தரம் அவளைக் கட்டி எடுத்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. நன்றி சொல்லி அனுப்பினேன்.

அன்று பிற்பகல் கோவாப் பையன் வந்தான். இந்த அறை அவனுடைய பகுதி அல்ல. கடல்சார் தொழிலாளர் பற்றிய 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாளில் அவர்களுக்குக் குறைந்தது 10 மணித்தியால ஓய்வு தர வேண்டும் என்பது அதன் விதி. அந்த ஓய்விலிருந்து எடுத்த நேரத்தில்தான் அவன் வந்திருந்தான். விடயம் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"அம்மாவின் சாமான்களை நான் அடுக்கட்டுமா?" என்றான்.

கண்ணாடியைக் கட்டிலின் இந்தப் பக்கம் வைத்தான். தண்ணீர்க் கோப்பை அதற்குப் பின்னால். சால்வை கதிரையின் கையில். செருப்பு கட்டிலுக்கு நேரே, முனை வெளிப்பக்கம் பார்த்தபடி. சீப்பு, எண்ணெய்ப் போத்தல், மருந்துப் பெட்டி. போன வாரம் ஒவ்வொரு நாளும் அறையைத் துப்புரவாக்கும்போது அவன் எல்லாவற்றையும் அவள் வைத்த இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறான். அவள் அறைக்குள் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். 45 வருடம் அவளோடு வாழ்ந்தவன் நான். ஏழு நாள் அறை துடைத்த பையனுக்குத் தெரிந்த அந்த வரிசை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் சாமான்களைத்தான் கவனமாகப் பெட்டியில் அடுக்கியிருந்தேன்.

பிறகு இருவருமாகச் சேர்ந்து மற்ற வேலைகளைச் செய்தோம். வண்ணாத்திப்பூச்சியைக் கதவில், அவள் கண் மட்டத்தில் ஒட்டினோம். இரவில் குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது என்று முடிவாயிற்று. வெம்பிளி வீட்டுத் திறப்புக் கோர்வையை வெளிக்கதவின் பிடியில் கொழுவினேன்; கதவை அசைத்தால் சத்தம் கேட்கும். வரவேற்புப் பகுதிப் பெண் சூரியகாந்திப் பூப்போட்ட பச்சைக் கழுத்துப்பட்டி ஒன்று தந்தாள். கண்ணுக்குத் தெரியாத நோய் உள்ளவர்களை அடையாளம் காண 2016இல் லண்டன் கட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. என் மனைவி அதை மாலை போல் போட்டுக்கொண்டாள். பணியாளர்கள் எல்லோரும் அதைக் கண்டு அவளிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். புறப்படும் முன்னரே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இவையெல்லாம் முதல் நாளே கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை கப்பல் லா கொருஞாவில் நின்றது. இன்றுவரை எரிகின்ற ரோமானியர் காலத்து வெளிச்சவீடு அந்த ஊரில் இருக்கிறது. அதைப் பார்க்கப் போகவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்து மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். நவம்பரிலிருந்து நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. அழுகிறாள் என்று தெரிந்தது.

"600 பவுணுக்காக நான்தானே வாப்பா அறைய மாத்தினன்."

"இல்ல மகள். உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ மாத்தியிருக்கமாட்டாய். சொல்லாதவன் நான்."

இந்த இடத்தில் இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்த வருடம் குளிர்காலத்துக்கு முன்னர் வெம்பிளி வீட்டை விற்றுவிட்டு நாங்கள் பேர்மிங்ஹாமுக்குப் போவதென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மகள் வாகனத் தரிப்பறையைத் திருத்தி எங்களுக்கு ஓர் அறை கட்டத் தொடங்கியிருந்தாள். "நம்மட புள்ளட வீடுதானே, அறைதானே மாறுகிறோம்" என்று நானும் தலையாட்டியிருந்தேன். ஒரே கப்பலில், ஒரே தளத்தில், ஒரே அளவான அறைக்கு மாறியதே அவளை நள்ளிரவில் வெறுங்காலோடு அலையவைத்தது. 34 வருடத்து லாச்சிகளையும் தட்டுகளையும் விட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதை நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. வைத்தியர் சொன்னபோதுகூட யோசிக்கவில்லை.

வீட்டை விற்கவில்லை. மகளின் வேலை கணினியில் செய்யும் வேலை. பேத்தியும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். இப்போது திங்கள் மாலை வந்து வெள்ளி காலை வரை மகள் எங்களோடு நிற்கிறாள். சின்ன வயதில் படுத்த அறையில் படுக்கிறாள். முதல் கிழமை இருட்டில் சுவிட்சை மறுபக்கச் சுவரில் தடவித் தேடுவாள். பேர்மிங்ஹாம் வீட்டில் அது அந்தப் பக்கமாம். தேடிக் களைத்துச் சிரிப்பாள். ஞாபகம் உள்ளவர்கள் அறை மாறினால் அவ்வளவுதான் கஷ்டம்.

இந்த ஏற்பாடும் நிரந்தரமல்ல என்று எனக்குத் தெரியும். நோய் கூடிக்கொண்டே போகிறது. ஒரு நாள் இந்த வீட்டையும் விட வேண்டி வரலாம். அப்படியொரு நாள் வந்தால், பெட்டியைக் கட்டுவதற்கு முன்னர் அவளிடம் சொல்வேன். புதிய கதவில் வண்ணாத்திப்பூச்சியை ஒட்டிவிட்டு வந்து சொல்வேன். அவள் மறந்துபோவாள். மறுகாவும் சொல்வேன்.